சவரிமுத்து குழி

கீழே ஷாமியானா கட்டி, ஐஸ் பெட்டியை வேனிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் மாடியில் ஏஞ்சல் செய்த முதல் காரியம், மாதா படத்துக்குக் கீழே இருந்த சாம்பிராணிச் சட்டியை எடுத்து, சாம்பலைச் சன்னல் வழியாகத் தட்டிவிட்டு, அரிசி டிரம்முக்குள் புதைத்ததுதான். முழங்கை வரை அரிசிக்குள் போனது. மூடியைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

மாமனார் மாசிலாமணி அன்று விடியற்காலையில் செத்துப்போயிருந்தார். எண்பத்தொரு வயது. ஆறு மாதமாகப் படுக்கை. அழுவதற்கு யாருக்கும் அவசரம் இல்லை. வேலைதான் தலைக்குமேல் இருந்தது.

“ம்மா, கீய எல்லாம் உன்னியத்தான் தேடிக்கினு கீறாங்க. நீ இன்னா டிரம்மு மேல குந்திக்கினு கீற?” மகள் அனு வாசலில் நின்றாள். நந்தனம் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள்.

“மூட்டு வலி.”

“சட்டி எங்க?”

“எந்தச் சட்டி?”

அனு மாதா படத்துக்குக் கீழே காலியாக இருந்த வட்டத்தைப் பார்த்தாள். பிறகு டிரம்மைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் படியிறங்கிப் போனாள். அப்படிக் கேட்காமல் போனதுதான் ஏஞ்சலை உறுத்தியது.

இந்தத் தொல்லையைத் தொடங்கி வைத்தவளே அனுதான். அடையாறு தாண்டி, கிண்டி போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது மேட்டுக் கல்லறை. செம்மண் மேடு. எந்த மழையிலும் தண்ணீர் நிற்காது. பட்டினப்பாக்கத்து மீனவக் குடும்பங்களில் பாதிப் பேருக்கு அங்கேதான் குழி. ஆடி மாதம் சுற்றுச்சுவருக்கு அஸ்திவாரம் தோண்டியபோது, வட்டமாக நட்ட கற்களும், நடுவில் குட்டிக் கால்கள் வைத்த மண் தொட்டியும், தொட்டிக்குள் எலும்புகளும் வந்தன. தொல்லியல் துறையிலிருந்து வந்து கயிறு கட்டினார்கள். மேடு முழுவதுமே பழங்காலத்து ஆட்களின் இடுகாடு என்றார்கள். பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கப் போகிறார்கள் என்று பூசையில் சாமியார் வாசித்தார். புதுக் குழி கூடாது. ஏற்கனவே குடும்பக் குழி உள்ளவர்கள் மட்டும் அதிகாரி முன்னிலையில் திறக்கலாம். பழசு எதுவும் வைத்தது வைத்தபடி அந்தக் குழியில் இருப்பதாகத் தெரிந்தால், அதற்கும் சீல்.

கல்லூரியிலிருந்து அதைப் பார்க்கக் கூட்டிப் போனார்கள். அனு போனில் படம் எடுத்து வந்து காட்டினாள். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. தொட்டிக்குப் பக்கத்தில் கிடைத்த, வாய் அகன்ற, கை அடக்கமான சட்டி. “ம்மா, நம்ம வூட்டு சாம்பிராணி சட்டி மாதிரியே கீதுல்ல?”

அன்றிலிருந்து ஏஞ்சலுக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. அபிராமபுரத்துத் தெருக்களில் மீன் கூடையோடு நடக்கும்போது வழக்கமான வீடுகளைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தாள். சங்கரா மீனை நறுக்கித் தரச் சொன்னவர்களுக்கு முழுசாகக் கொடுத்தாள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் கணவன் ஏசுராஜ், மணலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தவன், அப்படியே சாய்ந்தான். நாற்பத்திரண்டு வயது. அவனுக்காகத்தான் அந்தக் குழியைத் திறந்தார்கள். பங்குப் பதிவேட்டில் அதற்கு ‘சவரிமுத்து குழி’ என்று பேர். சவரிமுத்து, மாசிலாமணியின் அப்பா. அறுபத்தொன்றில் புதைத்தது. மேலே இன்னும் ஆள் வைக்க இடம் வேண்டும் என்று குழிவெட்டி தேவசகாயம் ஒரு முழம் கூடுதலாகத் தோண்டினான். பக்கவாட்டில் ஒரு பட்டைக் கல். அதைப் புரட்டினால் எலும்பு.

“உங்க தாத்தா கெடச்சிட்டாரு” என்று மேலே பார்த்துச் சொன்னான்.

அந்தக் குடும்பத்தில் குழி திறந்தால் மூத்த மருமகள்தான் பழைய எலும்பைக் கழுவ வேண்டும். கழுவி, பன்னீர் தெளித்து, வீட்டு வலையில் ஒரு துண்டு அறுத்து அதில் கட்டி, புதுப் பெட்டியின் கால்மாட்டில் வைப்பார்கள். துணி மக்கும், நைலான் மக்காது. புருஷன் வெளியே பெட்டியில் கிடக்க, ஏஞ்சல் உட்கார்ந்து சவரிமுத்துவைக் கழுவினாள். எலும்போடு ஒரு சட்டியும் வந்தது. “அந்தக் காலத்துல சட்டி வெச்சிப் பொதைப்பாங்க போல” என்றான் தேவசகாயம். மண்ணில் வீச மனசு வரவில்லை. முந்தானையில் மறைத்து எடுத்து வந்தாள். ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. அன்றைக்கு எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இப்போது சட்டி பழசு என்றால் அந்த எலும்பும் பழசு. ஒன்பது கல்லறைத் திருநாளுக்கு அவள் மெழுகுவர்த்தி ஏற்றிப் பேசியது யாரிடம்? புருஷனிடம்கூட அவ்வளவு பேசியதில்லை. அவன்மேல் கோபம் இருந்தது, பாதியில் விட்டுப் போன கோபம். ‘தாத்தா, உன் பேரன் பண்ண வேலைய பாத்தியா, கொஞ்சம் கேளு’ என்று கால்மாட்டில் இருந்த கிழவனிடம்தான் எல்லாம் சொன்னாள். யாரோ ஒரு ஆள். பேர்கூடத் தெரியாத ஆள்.

“அண்ணி!” கொழுந்தன் பிரபு மூச்சு வாங்க மேலே வந்தான். காற்றழுத்தத் தாழ்வு என்று மூன்று நாளாகப் படகு கரையில். அந்த எரிச்சலும் அவன் முகத்தில் இருந்தது. “அந்தத் தோண்டுற மேடம் நாளிக்குக் காலீல ஏழு மணிக்கு வருதாம். அது நின்னு பாத்தாத்தான் குழியத் தொறக்கணுமாம். நம்ம அப்பன நம்ம குழில வெக்கிறதுக்கு எவளோ பர்மிஷன் குடுக்கணும். இன்னா அண்ணி இது?”

“குடுத்துட்டாங்கல்ல. இன்னாத்துக்குக் கத்துற?”

“சட்டி கிட்டி எதுனா வந்துச்சுன்னா மூடிடுவாங்களாம். அப்பால ஐஸ் பெட்டியத் தூக்கிக்கினு நான் எங்க போவேன்? கீப்பாக்கம் கல்லறைல இடம் கேட்டா வெயிட்டிங் லிஸ்டுன்றான். செத்தவனுக்கு இன்னா வெயிட்டிங் லிஸ்டு?”

ஏஞ்சல் டிரம்மின் மேல் இன்னும் அழுத்தமாக உட்கார்ந்தாள்.

அந்தக் குழியைப் பற்றி அவளுக்கு வேறொரு கணக்கும் உண்டு. பிறந்த குடிசை எரிந்தது. கட்டிக்கொண்டு வந்த குடிசையைச் சுனாமி கொண்டுபோனது. இந்தக் குடிசை மாற்று வாரியத்து வீட்டையும் இடித்துக் கட்டப் போகிறோம், காலி பண்ணுங்கள் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். மாறாமல் இருப்பது ஆறடிக்கு மூன்றடி, அந்தக் குழி ஒன்றுதான். மாமனாருக்கு அடுத்து அதில் இறங்கப் போவது அவள். அந்த நினைப்பு அவளுக்குப் பயமாக இருந்ததே இல்லை. நடந்து நடந்து கால் வலிக்கும்போது, எங்கே போய்ப் படுப்போம் என்று தெரிந்திருப்பது ஒரு நிம்மதி.

*

மறுநாள் காலை வானம் சாம்பல் பூசிக் கிடந்தது. காற்றே இல்லை. மேட்டில் ஏறுவதற்குள் எல்லோருக்கும் முதுகு நனைந்துவிட்டது. தோண்டிய பள்ளங்களின் மேல் நீலத் தார்பாய் கட்டியிருந்தார்கள். தார்பாய்க்குள்ளிருந்து, தொப்பி போட்ட ஒரு பெண் போனில் பேசிக்கொண்டே வந்தாள்.

“இல்லம்மா, சாப்ட்டுண்டுதான் இருக்கேன். ஆத்துக்கு வர லேட்டாகும். வெச்சிடறேன்.” கையில் பிரிக்காத இட்லிப் பொட்டலம். ஏஞ்சலைப் பார்த்துக் கும்பிட்டாள். “நான் ஸ்நேஹா. நீங்கதான் மருமகளா அக்கா? மன்னிச்சுக்கோங்க, இந்த நேரத்துல வந்து நிக்க வேண்டியிருக்கு.”

திட்டுவதற்குத் தயாராக வந்த பிரபு, மன்னிப்பைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டான்.

தேவசகாயம் கடப்பாரையை ஊன்றிச் சிலுவைக் கல்லைப் பெயர்த்தான். வயசாகிவிட்டது, இரண்டு கூடை மண்ணுக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினான். “மேடம், நான் நாப்பது வருசமா இங்க தோண்டிக்கினு கீறேன். நீங்க கரண்டிய வெச்சிக்கினு தோண்டுறீங்களே, அத பாத்தா எனுக்குத் தூக்கம் வருது.”

“உங்க வேகத்துல தோண்டியிருந்தா நான் பாக்கறதுக்கு ஒண்ணுமே மிஞ்சியிருக்காதுண்ணே” என்றாள் ஸ்நேஹா. அவன் சிரித்தான்.

மண்ணின் நிறம் கறுத்தது. பெட்டிப் பலகை இற்றுப் போயிருந்தது. ஏசுராஜ் மேலே வரத் தொடங்கினான்.

ஏஞ்சல் ஒரு பலகையின் மேல் உட்கார்ந்து புது பிளாஸ்டிக் தொட்டியில் வெந்நீரும் பன்னீரும் கலந்தாள். இந்த நேரத்துக்காகத்தான் ஒன்பது வருஷம் பயந்திருந்தாள். வந்ததும் பயமாக இல்லை. தினமும் முள்ளையும் செதிலையும் பார்க்கிற கை. அது தானாக வேலை செய்தது. இது தோள். இது விலா. திருவான்மியூர் சிக்னலில் வண்டி மோதி உடைந்த காலில் டாக்டர் வைத்த தகடு, இரண்டு திருகாணியோடு அப்படியே இருந்தது. அதைக் கழுவும்போது மட்டும் கை நின்றது. அந்தக் காலை அவள் மடியில் வைத்துத்தான் தைலம் தேய்ப்பாள். ‘மெதுவா தேய்டி, மீனா உரிக்கிற’ என்பான். முகம் மறந்துபோயிருந்தது, அந்தக் குரல் வந்துவிட்டது. தொட்டித் தண்ணீரை அள்ளித் தன் முகத்தில் அடித்துக்கொண்டாள். மற்றவர்கள் வியர்வை என்று நினைத்தார்கள்.

“இது இன்னா? அந்தாண்ட ஒண்ணு மாட்டுது.” தேவசகாயம் குனிந்தான். குழியின் இன்னொரு ஓரத்தில், மண்ணோடு மண்ணாகப் பொடிந்து கிடந்தவற்றிலிருந்து ஒரு பித்தளைச் சிலுவையை எடுத்தான். செபமாலைச் சிலுவை. பச்சை பூத்திருந்தது.

சவரிமுத்து அங்கே இருந்தார். இத்தனை நாளும் அங்கேயே இருந்திருக்கிறார்.

அடுத்து கால்மாட்டில் நீல நைலான் வலை, கட்டின முடிச்சு அவிழாமல், மேலே வந்தது.

“இது?” என்றாள் ஸ்நேஹா.

“எங்க தாத்தா” என்றான் பிரபு. சொல்லிவிட்டுச் சிலுவையைப் பார்த்தான். “அப்போ அது யாரு?”

ஸ்நேஹா கையுறை போட்டுக்கொண்டு வலையைப் பிரித்தாள். ஒரு துண்டை விரல்களுக்கு நடுவில் திருப்பினாள். அவள் முகத்தில் தேடியது கிடைத்தவளின் பசி தெரிந்தது. உடனே அதை அடக்கிக்கொண்டதும் தெரிந்தது. “இது அறுபது வருஷத்து எலும்பு இல்லக்கா. அந்த மண் தொட்டியில கிடைச்ச மாதிரிதான் இருக்கு. ரெண்டாயிரம், ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷம்கூட இருக்கலாம்.”

“தா, ஆரம்பிச்சுட்டாங்க!” பிரபு கத்தினான். “ரெண்டு மணிக்குப் பூசை வெச்சிகீது. ஊரே வந்து குந்திகீது. எங்கப்பன் ஐஸ்ல கீறாரு மேடம்!”

“பிரபு, சும்மா இரு” என்றாள் ஏஞ்சல்.

ஸ்நேஹா அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். “அக்கா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. போன தடவை எடுத்தப்போ இதோட பானை, சட்டி, இரும்பு ஏதாவது இருந்துதா? இருந்துதுன்னா, யாரையோ முறையா வெச்ச இடம் இது. மீதி கீழே இருக்கும். நான் நிறுத்தித்தான் ஆகணும். வெறும் எலும்பு மட்டும்தான்னா எங்கேர்ந்தோ கலைஞ்சு வந்ததுன்னு எழுதிண்டு இதை மட்டும் எடுத்துப்பேன். நீங்க அடக்கத்தை நடத்தலாம்.”

தேவசகாயம் கடப்பாரையின் முனையைப் பார்த்தான். பிறகு ஏஞ்சலைப் பார்த்தான்.

“ஒண்ணும் இல்ல” என்றாள் ஏஞ்சல். “எலும்புதான்.”

“நல்லா ஞாபகம் இருக்கா?”

“நாந்தான கய்வினேன்.”

வலையில் சில இடங்களில் ஓட்டை. ஏசுராஜின் கால்விரல் எலும்புகள் சில அதற்குள் கலந்திருந்தன. இரண்டு பெண்களும் எதிரெதிரே உட்கார்ந்து பிரித்தார்கள். “இது உங்களோடது” என்று ஸ்நேஹா தொட்டிப் பக்கம் தள்ளுவாள். “இது எங்களோடது” என்று தன் தட்டில் வைப்பாள்.

“உங்களோடதா? நீ இன்னாமா அவுருக்குச் சொந்தமா?” என்றாள் ஏஞ்சல்.

ஸ்நேஹாவின் கை நின்றது. “இல்லக்கா. ஆனா அவருக்குன்னு கேக்க வேற யாரும் இல்லையே.”

ஏஞ்சல் தட்டைப் பார்த்தாள். தட்டில் கிடந்தவர் சின்ன ஆள். எலும்பெல்லாம் ஒல்லி. தாத்தா என்று நினைத்திருந்ததெல்லாம் போய், ஆணா பெண்ணா என்பதுகூட இப்போது நிச்சயமில்லை.

நாலரை மணிக்கு மாசிலாமணியை இறக்கினார்கள். கால்மாட்டில் மகன், புது வலையில். தலைமாட்டில் அப்பாவின் சிலுவை. முதல் பிடி மண் போடும்போதே பெரிய பெரிய துளியாக மழை தொடங்கியது. பேண்டு வாத்தியக்காரர்கள் டிரம்மைத் தூக்கிக்கொண்டு தார்பாய்க்குள் ஓடினார்கள். ஸ்நேஹா அவர்களைத் தடுக்கவில்லை. பள்ளத்தில் கால் வைக்காமல் மட்டும் பார்த்துக்கொண்டாள்.

*

சாவு வீட்டில் உலை வைக்கக் கூடாது. எதிர் வீட்டு அஸ்மத்துன்னிசா, வந்தவர்களுக்கெல்லாம் தன் வீட்டில் சமைத்துத் தருவதாகச் சொல்லி, இருட்டுகிற நேரத்தில் அரிசி எடுக்க வந்தாள். குளித்துவிட்டு ஈரத்தலையோடு ஏஞ்சல் வெளியே வருவதற்குள் டிரம்மின் மூடி திறந்திருந்தது.

“இன்னாடி இது, அரிசில பொதையல் வெச்சிகீற?” அஸ்மத்துன்னிசா சட்டியை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தாள். “இது உன் சாம்பிராணி சட்டில்ல? ஐய, பெருசா ஒண்ணும் இல்ல. ஆனா இதுல போயி நெருப்பு போட்டுகீற பாரு. இது சாப்புட்ற சட்டிடி.”

“உனுக்கு எப்பிடித் தெரியும்?”

“தூக்கிப் பாத்தாத் தெரியாதா? வாய் பாரு, எவ்ளோ மெலிசு. ஒதட்டுல வெச்சா வழியாது. கஞ்சி குடிக்க வாகா பண்ணிகீறான்.” சட்டியை வாயருகே கொண்டுபோய்க் காட்டினாள். “ஒரு ஆளு சட்டி. எங்கம்மா எங்க அத்தாவுக்கு இப்பிடித்தான் ஒண்ணு தனியா வெச்சிருந்துச்சு. நாங்க தொட்டா கைய ஒடச்சிடும்.”

அவள் அரிசியை முறத்தில் அள்ளிக்கொண்டு போய்விட்டாள். சட்டியில் கொஞ்சம் அரிசி தங்கியிருந்தது. ஏஞ்சல் அதைப் பார்த்தபடி நின்றாள்.

யாரோ ஒருத்தி குளித்து ஈரத்தலையோடு நின்று இதில் கஞ்சி ஊற்றியிருப்பாள். பெட்டிக்குள் ஏசுராஜின் சட்டைப் பையில் அவள் பீடிக்கட்டு வைத்தாளே, சாமியாருக்குத் தெரியாமல், அந்த மாதிரி. போகிற வழியில் பசிக்குமே என்று. அதை ஒரு மீன்காரி முந்தானையில் மறைத்து எடுத்து வந்து ஒன்பது வருஷம் கரி போட்டாள். இப்போது அந்த ஆள் ஒரு தட்டில் தனியாகக் கிடக்கிறார்.

‘வந்தவனுக்குச் சோறு போடாட்டியும் பரவாயில்ல, தின்னுக்கினு இருந்தவன் தட்டப் புடுங்கிட்டு வந்துகீறியேடி’ என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாள்.

கூடவே இன்னொரு குரலும் கேட்டது. மாமனாரை வைத்தாகிவிட்டது. எல்லாம் முடிந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் அந்தக் குழி உன்னுடையது. யார் கேட்கப் போகிறார்கள்? பாத்திரம் தேய்க்கும் நாரும் சோப்பும் எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். உள்ளே ஒட்டியிருந்த கரியைத் தேய்த்தாள். கொஞ்சம் போனது; கொஞ்சம் போகவில்லை. தேய்ப்பதை மட்டும் நிறுத்த முடியவில்லை.

*

காலையில் தூறிக்கொண்டிருந்தது. துண்டில் சுற்றி, மீன் கூடைக்குள் வைத்து, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனாள். திரு.வி.க. பாலத்தைத் தாண்டும்போது ஆறு செம்மண் நிறத்தில் ஓடியது. இரண்டு தடவை இறங்கித் திரும்பிவிடலாம் என்று நினைத்தாள்.

ஸ்நேஹா தார்பாயில் தேங்கிய தண்ணீரைக் கம்பால் தூக்கி வடித்துக்கொண்டிருந்தாள். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“வாங்கக்கா. மூணாம் நாள் நாளைக்குத்தானே?”

ஏஞ்சல் கூடையை இறக்கித் துண்டைப் பிரித்தாள்.

ஸ்நேஹா தொடவில்லை. குனிந்து பார்த்தாள். “நேத்து கேட்டேனே அக்கா.”

“அதான் நேத்து சொல்லல.”

“சொல்லியிருந்தா…”

“மண்ணு போட வுட்டிருப்பியா?”

ஸ்நேஹா இல்லை என்று தலையசைத்தாள். கையுறை தேடினாள், கிடைக்கவில்லை, வெறுங்கையாலேயே சட்டியை எடுத்தாள். “உள்ளே கறுப்பா ஒட்டியிருக்கே?”

“சாம்பிராணி. ராத்திரி தேச்சுப் பாத்தேன். போவல.”

“தேய்ச்சீங்களா? ஐயோ அக்கா!” என்று சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்றது. மேசைமேல் இருந்த நோட்டை இழுத்தாள், திறக்கவில்லை. “இது எங்க கிடைச்சுதுன்னு நான் எழுதணும். எழுதினா அந்தக் குழிக்கு சீல்தான். உங்க மாமனார், உங்க வீட்டுக்காரர், அவங்களை யாரும் தொட மாட்டாங்க. அப்படியே இருப்பாங்க. ஆனா இனிமே அதை யாருக்காகவும் திறக்க முடியாது. யாருக்குமேன்னா…”

“எனுக்குந்தான். தெரியும்.”

“கொஞ்சம் யோசிச்சுக்கோங்களேன். நான் இன்னிக்கே எழுதணும்னு இல்ல.”

“யோசிச்சா தூக்கினு போயிடுவேன்மா. எய்து.”

தார்பாயின்மேல் மழை தட்டியது. மேசையின் மறு ஓரத்தில் தட்டு இருந்தது. மேலே மெல்லிய துணி, துணியின்மேல் எண் எழுதின சீட்டு. ஏஞ்சல் அதன் அருகில் போய் நின்றாள். வழக்கமாக மெழுகுவர்த்தி ஏற்றியதும் பேச்சு தானாக வரும். இன்று ஒன்றும் வரவில்லை.

ஸ்நேஹா பேனாவின் மூடியைக் கழற்றினாள். “எவ்வளவு ஆழம்னு ஞாபகம் இருக்கா?”

“தேவசகாயம் அண்ணன் நின்னா மாருக்கு வரும். பட்டக் கல்லுக்கு அடீல.”

“எலும்புலேர்ந்து எவ்வளவு தூரத்துல இருந்துது?”

ஏஞ்சல் கண்ணை மூடிக்கொண்டாள். செம்மண், மேலிருந்து விழுந்த வெயில், குழிக்குள்ளிருந்து தேவசகாயம் நீட்டிய கை. புருஷன் செத்த அன்றைக்கு நடந்தது எதுவும் தனக்கு நினைவில்லை என்றுதான் அவள் எல்லோரிடமும் சொல்லிவந்தாள்.

“தூரம்லாம் இல்ல” என்றாள். “ஒருக்களிச்சுப் படுத்திருந்தாரு. வலது கை எலும்பு நீட்டி இருந்துச்சு. எடுத்துக் குடிக்க வாகா, அந்தக் கைக்குப் பக்கத்துல வெச்சிருந்தாங்க. அதையும் எய்திக்கோ.”